கட்டிலுக்கடியில் நீ விட்டுப்போன பூட்ஸ்

மகனே,

இங்கே உன் அம்மா நலம். நான் எப்படி என்பதைக் கடைசி வரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். நீ போட்ட கார்டு வியாழக்கிழமை வந்தது. மழை பட்டு எழுத்து கொஞ்சம் கலைந்திருந்தாலும் படிக்க முடிந்தது. கட்டிலுக்கடியில் நீ விட்டுப்போன பூட்ஸைப் பார்சலில் அனுப்பட்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அதற்கு நீ எழுதிய பதிலை அப்படியே திருப்பி எழுதுகிறேன். 'பூட்ஸ் வேண்டாம் அப்பா. நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறேன். மாமாவுக்கு நேர்ந்தது எனக்கு நேராது. தினமும் காலையில் பிரேக்கை நானே பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். எந்த மெக்கானிக்கையும் நம்புவதில்லை.' இதைக் கேட்டதும் உன் அம்மா, "பிள்ள எவ்வளவு பொறுப்பா இருக்கான் பாத்தியளா" என்று பூரித்துப்போனாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ பொறுப்பாகத்தான் இருக்கிறாய். ஆனால் பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன்னை அப்படிப் பார்க்கவைத்தவன் நான்தான். அதைச் சொல்வதற்குத்தான் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் பூட்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது எனக்கு வாய் கூசாமல் வரும். நர்மதைப் பக்கம் அணைக்கட்டு சர்வேக்கு ஜீப் ஓட்ட உனக்கு ஆர்டர் வந்ததும், உனக்குத் தெரியாமல் நான் சோர் பஜாருக்குப் போனேன். பட்டாளத்தில் கழித்துவிட்ட பூட்ஸ் அங்கே குவியல் குவியலாகக் கிடந்தது. பார்க்க யானை மிதித்தாலும் தாங்கும் என்று இருந்தது. ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு, கம்பெனி ஜீப் நிற்கிற செம்பூர் ஷெட்டுக்குப் போய், நானே போட்டுக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தேன். அடியில் இரும்பு ஆணி அடித்த பூட்ஸ் அது. பிரேக் பெடலில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு போனது. அகலமும் அதிகம். பிரேக்கை மிதித்தால் பக்கத்து ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதித்தது. அடித்தோல் அவ்வளவு கனமாக இருந்ததால் பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதே காலுக்குத் தெரியவில்லை. நடக்கிறவனுக்கு நல்லதாக இருக்கும் பூட்ஸ், ஓட்டுகிறவனுக்கு எமனாகிவிடும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இருபது வருஷம் ஓட்டினவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா என்று நீ கேட்கலாம். பூட்ஸ் போட்டு ஓட்டியிருந்தால் அல்லவா தெரியும்.

பிறகு நம் தாராவியிலேயே, இரண்டு சந்து தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் அந்தோணியிடம் போனேன். உன் பழைய செருப்பை அளவுக்குக் கொடுத்து, அதைவிட அரை விரற்கடை நீளமாகத் தைக்கச் சொன்னேன். நாள் முழுக்க இன்ஜின் சூட்டில் இருக்கும் கால் சாயங்காலத்துக்குள் வீங்கிவிடும். காலையில் சரியாக இருக்கும் பூட்ஸ் நாலு மணிக்குக் கடிக்கும். மேலே கணுக்காலை மூட வேண்டும், முள்ளும் அட்டையும் ஏறக்கூடாது என்றேன். அடி ரப்பராக இருக்க வேண்டும், வரி ஆழமில்லாமல் இருக்க வேண்டும். ஆழமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு அது தோல் அடியைவிட மோசமாக வழுக்கும். பசை போட்டு ஒட்டினால் மட்டும் போதாது, ஓடையில் இரண்டு தடவை இறங்கினால் வாயைப் பிளந்துவிடும், சுற்றிலும் தைக்க வேண்டும் என்றேன். லேஸ் நீளம் வேண்டாம், பெடலில் மாட்டிக்கொள்ளும் என்றேன். அந்தோணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னையே பார்த்தான். "அண்ணாச்சி, நீங்க இத்தன வருசமா வெறுங்கால்லதான ஓட்டுதிய? மகனுக்கு மட்டும் எதுக்கு இந்த ராச அலங்காரம்? காட்டுக்கு வண்டி ஓட்டப் போறானா, பொண்ணு பாக்கப் போறானா?" என்றான். பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீயும் அதையேதான் கேட்டாய். புறப்படுவதற்கு முந்தின நாள் பூட்ஸை உன் முன்னால் வைத்தபோது, "சோடோப்பா, விடுங்க! நீங்களே செருப்பக் கழத்திப் போட்டுட்டுத்தான ஓட்டுதிய?" என்று காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாய். அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். தாதர் ஸ்டேஷன் வரைக்கும் உன்னோடு வந்தேன். வழியெல்லாம் சொல்லலாம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஜன்னல் வழியாக "தண்ணி காச்சிக் குடி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வண்டியில் ஏறும்போது செருப்பைக் கழற்றுகிற பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுகிற வண்டி. கும்பிட்ட கையோடு செருப்புக் காலால் மிதிப்பதா என்று எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொன்னார், நானும் அப்படியே பழகிவிட்டேன். நம் ஊர்க்கார டிரைவர்கள் பாதிப் பேர் அப்படித்தான். கம்பெனி ஓவர்சியர் மராட்டிக்காரர். "இது ஜீப்பா, கோயிலா?" என்று இந்தியில் கிண்டல் செய்வார். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை வேறு. ஆனால் காட்டில் இறங்கினால் அடுத்த நிமிஷமே செருப்பு வேண்டும். கதவில்லாத ஜீப்பில் பின்னால் போட்டால் குலுக்கலில் விழுந்துவிடும். அதனால் சீட்டுக்கடியில் செருகி வைப்பேன். அவசரமாக இருந்தால் செருகவும் மாட்டேன், உட்கார்ந்தபடியே காலால் உதறிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவேன். கும்பிடுகிற வண்டி என்று செருப்பைக் கழற்றுகிறவன், கழற்றிய செருப்பை அந்த வண்டியின் பெடலுக்குப் பக்கத்திலேயே போட்டேன். இதில் இருந்த கிறுக்குத்தனம் எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை.

உன் செல்லையா மாமா இறந்தது, சீனச் சண்டை முடிந்ததற்கு அடுத்த வருஷம். நம் கம்பெனிக்கு மண்ணில் துளை போட்டுப் பாறை எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற வேலை. நாசிக் பக்கம் மலைக்காட்டில் அன்றைக்கு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மாமா அளவுச் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்து என் பக்கத்தில் ஏறினார். நானும் நனைந்துகொண்டே ஏறி, செருப்பை உதறிவிட்டு வண்டியை எடுத்தேன். இறக்கம். வண்டி முன்பக்கமாகச் சரிந்து குலுங்கிக் குலுங்கிப் போனது. ஓடைக்கு மேலே திரும்புகிற இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பாதி இறங்கி நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினேன், எதையோ மெத்தென்று மிதிக்கிற மாதிரி இருந்ததே தவிர இறங்கவில்லை. "அத்தான், நிப்பாட்டுங்க" என்றார் மாமா. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் நிறுத்துவேன் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. வண்டி ஓடைக்குள் உருண்டது. நான் சேற்றில் போய் விழுந்தேன், அவர் வண்டிக்கடியில் போய்விட்டார். இதுவரை உனக்குத் தெரியும்.

இனிமேல் உனக்குத் தெரியாதது. நான் எழுந்து ஓடிப்போய் மாமாவைத் தொட்டுப் பார்த்தேன். மூச்சு இல்லை. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. என் காலில் கண்ணாடி குத்தி ரத்தம் வந்துகொண்டிருந்தது. மேலே போய் ஆளைக் கூப்பிட வேண்டும் என்று செருப்பைத் தேடினேன். ஒன்று சேற்றில் கிடந்தது. இன்னொன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்த ஜீப்புக்குள், பிரேக் பெடலுக்குக் கீழே, இரண்டாக மடிந்து இறுகிப்போய் இருந்தது. பெடலைக் கையால் தூக்கிவிட்டுத்தான் அதை இழுத்தெடுக்க முடிந்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதன் மேல்வாரில் பெடலின் தடம் அப்படியே பதிந்திருந்தது. நடந்தது என்ன என்பது அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. அதைக் காலில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினேன். அப்போது எதையும் மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கால் வலித்தது, போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். ஓவர்சியர் ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டபோது, "பிரேக் பிடிக்கலே சாப்" என்றேன். அது பொய்கூட இல்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வண்டி உருண்டதில் பிரேக் குழாய் அறுந்து எண்ணெய் ஒழுகிக் கிடந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. கடைசியாக யார் பிரேக் பார்த்தது என்று கேட்டார்கள். மைதீன் பாய். அதற்கு முந்தின வாரம்தான் நம் ஜீப்புக்குப் பிரேக் வேலை செய்து கொடுத்திருந்தார். என்னைக் கேட்டபோது "ஆமாம், அவர்தான்" என்று சொன்னேன். அதுவும் உண்மைதான். தாராவி மெயின் ரோட்டில் அவருடைய ஷெட் எப்படி இருக்கும் என்று உனக்கு நினைவிருக்கும். கடையநல்லூரிலிருந்து தனி ஆளாக வந்து, பம்பாயில் தமிழ் டிரைவர் எவன் வண்டி படுத்தாலும் முதலில் அவரைத்தான் தேடுவான் என்ற பேரை வாங்கியவர். கம்பெனி வேலை நின்றது. பிறகு மற்ற வண்டிகளும் ஒவ்வொன்றாக நின்றன. மாமா காரியத்துக்கு அவர் வந்தபோது, உன் அம்மா தலைவிரி கோலமாக வாசலுக்கு ஓடி, "எந்தம்பியக் கொன்ன கையோட எம்வீட்டு வாசப்படி ஏறாதே! அந்தக் கை வெளங்காமப் போக!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். நீ அவள் பக்கத்தில் நின்றாய். நான் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து, ஷெட்டை மூடிவிட்டுப் போயிருந்த அவரைத் தேடி மான்குர்த் போனேன். சொல்லிவிட வேண்டும் என்று நிஜமாகவே முடிவு செய்துகொண்டுதான் போனேன், நம்பு. அங்கே ஒரு தகரக் கூரைக்குக் கீழே ஸ்டவ் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். வண்டி வேலையையே விட்டுவிட்டாராம். என்னைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர் பேசினார். "அண்ணாச்சி, அந்தப் பின் சக்கரத்து பிரேக் குழா நட்ட நான் முறுக்குனேனா இல்லையான்னு எத்தன யோசிச்சாலும் நெனப்பு வரமாட்டேங்குது. முறுக்குன மாதிரித்தான் இருக்கு. ஆனா சத்தியம் பண்ணிச் சொல்ல முடியல. ஒரு உசுரு போயிட்டே. இனிமே ஸ்பானரத் தொடக் கை நடுங்குது. நீங்க என்ன மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லணும்." அவர் மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். நான் அந்த டீயைக் குடித்தேன். "விடுங்க பாய், எல்லாம் விதி" என்றேன். அவர் அழுதார். நான் அவரை மன்னித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இதற்குமேல் கேவலம் ஏது என்று நினைப்பாய். இருக்கிறது, அது உன்னைப் பற்றியது. மாமா போனபிறகு நான் பூட்ஸ் போட்டு ஓட்டியிருக்கலாம். வண்டியில் ஏறும்போதெல்லாம் கால் கூசியது. ஆனால் இத்தனை வருஷம் வெறுங்காலோடு ஓட்டினவன் திடீரென்று பூட்ஸ் மாட்டினால், ஏன் என்று எவனாவது கேட்பானே. பிரேக்கில் கோளாறு என்றால் காலுக்கு எதற்குப் பூட்ஸ்? அந்தப் பயத்தில் முன்னைப் போலவே செருப்பைக் கழற்றிக் கழற்றி ஓட்டினேன். முன்னைவிடப் பத்து பேர் பார்க்கும்படி கழற்றினேன். பிறகு நீ வண்டி பழக வந்தாய். செம்பூருக்கு அப்பால் வெட்டவெளியில், உனக்கு நினைவிருக்கும், வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்தாய். குதிகாலைப் பிடித்துக்கொண்டு, அடி மெல்லிசாக, ரப்பராக, ஓட்டுவதற்கு அதைவிடத் தோதான ஒன்றை நான் தேடினாலும் கிடைத்திருக்காது. ஷெட் ஆட்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஏல, செருப்புக் காலோட ஏறாத. கும்பிடுத வண்டில்லா" என்று அதட்டினேன். நீ ஷூவைக் கழற்றிப் பெடலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறினாய். நான் அதைப் பார்த்தேன். எடுத்துப் பின்னால் போடு என்றுகூடச் சொல்லவில்லை.

ஆகவே உன் கார்டில் நீ எழுதியது அத்தனையும் நான் எழுதியதுதான். பிரேக்கை நீ தினமும் பார்க்கிறாய், நல்லது, பார். ஆனால் உன் மாமாவைக் கொன்றது பிரேக் இல்லை. மைதீன் பாய் அந்த நட்டைச் சரியாகத்தான் முறுக்கியிருந்தார். உன் காலடியில் இப்போது என்ன கிடக்கிறது என்று குனிந்து பார். செருப்பு, டார்ச், தண்ணீர் பாட்டில், துடைக்கிற துணி, எது இருந்தாலும் எடுத்துப் பின்னால் போடு. பூட்ஸை இந்தக் கடிதத்தோடு தனிப் பார்சலில் அனுப்புகிறேன். வந்ததும் நாலைந்து நாள் போட்டுக்கொண்டு நட, தோல் படியட்டும், அதற்குப் பிறகு ஓட்டு. சாக்ஸ் இல்லாமல் போடாதே. லேஸின் நுனியை உள்ளே செருகிவிடு. வண்டியில் ஏறும்போது அடியில் இருக்கும் சேற்றைச் சக்கரத்தில் தட்டிவிட்டு ஏறு. நனைந்தால் அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காய வைக்காதே, தோல் வெடித்துவிடும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் வை. காலையில் கவிழ்த்துத் தட்டாமல் காலை விடாதே, காட்டுத் தேளுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. பூட்ஸ் வருகிற வரைக்கும் செருப்போடு ஓட்டாதே. வெறுங்காலோடு ஓட்டினாலும் செருப்பு முன்பக்கம் இருக்கக்கூடாது. சாமி கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொண்டால் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும்.

இது உன் கைக்கு வர எட்டு நாள், பத்து நாள் ஆகும். அங்கே மழை தொடங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பத்து நாளில் எத்தனை இறக்கம் இறங்குவாய் என்று யோசித்தால் என்னால் உட்கார முடியவில்லை. தந்தி அடிக்கலாம் என்று நேற்றுத் தபாலாபீஸ் வரை போனேன். தந்தியில் 'செருப்பை எடு' என்று அடித்தால் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைப்பாய். காரணம் சொல்லாமல் நீ கேட்கமாட்டாய். காரணத்தைச் சொன்னால், அதற்குப் பிறகு என் சொல் எதையும் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றாது. பூட்ஸைத் தூக்கி ஓடையில் எறிந்தாலும் எறிவாய். என் மேலுள்ள கோபத்தில் அதை மட்டும் செய்துவிடாதே. அந்தோணி தைத்த பூட்ஸ் அது, என்னுடையது என்று நினைக்காதே. நீ என்னிடம் பேசாமல் இரு, வீட்டுக்கு வராமல் இரு, எனக்குக் கொள்ளி வைக்க மாட்டேன் என்று சொல். அதெல்லாம் உன் உரிமை. உன் மாமா இனி வரப்போவதில்லை. மைதீன் பாய்க்குப் போன ஆறு வருஷத்தையும் போன கையையும் யாராலும் திருப்பித் தர முடியாது. இந்தக் கடிதத்தால் ஆகக்கூடியது, நீ ஒருவன் உயிரோடு இருப்பது மட்டும்தான். அதுவும் நேரத்துக்கு வந்து சேர்ந்தால்.

உன் அம்மா இப்போது எதிரே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். "மத்தியானத்துலருந்து என்னதான் எழுதுதிய?" என்று கேட்டாள். "செருப்பப் பத்தி" என்றேன். "செருப்பப் பத்தி எழுத இத்தன தாளா?" என்று சிரித்தாள். மாமா போனபிறகு அவள் சிரிப்பதே அபூர்வம். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே எப்படிச் சொல்வேன்? சொல்லமாட்டேன் என்று எனக்கே தெரிகிறது. நீதான் அவளுக்கு எழுத வேண்டும். ஆனால் இந்த வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. அவளுக்கு எழுத்துத் தெரியாது, உன் கடிதங்களை வாசித்துக் காட்டுகிறவன் நான். நீ எல்லாவற்றையும் எழுதி அனுப்பினால், ஒரு வரி விடாமல் வாசித்துவிட வேண்டும் என்றுதான் உட்காருவேன். ஆனால் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 'இங்கே நல்ல மழை, சாப்பாடு பரவாயில்லை' என்று வேறு எதையாவது வாசித்துவிடுவேன். ஆறு வருஷமாக என்னை எனக்குத் தெரியும். மைதீன் பாயின் விலாசம் தனித் தாளில் இருக்கிறது. முதலில் அவருக்கு எழுது. அவர் மகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள், அப்பாவுக்கு அவளே வாசித்துச் சொல்வாள். பிறகு அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவளையே இங்கே வந்து உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல். அவள் என்றைக்கு வருவாள் என்பதை எனக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம். தெரிந்தால் அன்றைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவேன்.

உன் அப்பா